முதல் துண்டு
ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைக் கிராமத்தில் புது வைன் விழா. கலங்கிய வைன் கோப்பைகளில் புரட்டாதி வெயில் மஞ்சளாய் நுரைக்கிறது. தபோதரனும் மனைவி தக்சாயினியும் இன்றுதான் இங்கே முதன்முதலாகக் கடை போட்டிருக்கிறார்கள். புது வைனோடு இந்த ஊரார் சாப்பிடும் வெங்காயக் கேக், ஓரம் கருகச் சிவந்து, தட்டில் ஆவி விடுகிறது. புரட்டாதிச் சனி என்பதால் தக்சாயினி அதில் வழக்கமாய்ச் சேர்க்கும் பன்றியிறைச்சியைப் போடவில்லை; முதல் துண்டைத் திராட்சைத் தோட்டத்துக் கல்மதிலில் காகத்துக்கு வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறாள். வரிசை நீளுகிறது. "இஞ்சேரும், சனம் காத்து நிக்குது. வெட்டிக் குடுமன்" என்று தபோதரன் பல்லைக் கடிக்கிறான். "ஏலாது. காகம் எடுத்த பிறகுதான் இனிக் கத்தியைத் தொடுவன். நீங்களும் தொடாதேங்கோ" என்றவள், மதிலைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிடுகிறாள். வரிசையின் முன்னால் நிற்கும் ஜெர்மன் முதியவர் ஏன் தாமதம் என்று கேட்கிறார். "முதல் ஆள் இன்னும் வரவில்லை" என்று அவர் மொழியிலேயே சொல்லி மதிலைக் காட்டுகிறாள். அவர் மதிலையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு வைன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கைகளை வாயருகே குவித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கா... கா..." என்கிறார்.