ஒருவரும் காட்டாத சதுப்பு

முழங்கால் வரை நனைந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

பார்த்த இடமெல்லாம் முல்தே.

ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். பச்சைப் பாசிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பழுத்த மாம்பழத் தோலின் நிறத்தில், மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். முதலில் புளிப்பு. பின்னால் தேன். விதைகள் பல்லில் நெரிந்தன.

அடுத்ததை வாளிக்குள் போட்டாள்.

வடக்கு நோர்வேயின் அந்த மீன்பிடி ஊருக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருடங்கள். முல்தே விளையும் இடத்தை அங்கே ஒருவரும் ஒருவருக்கும் சொல்வதில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூடக் கடைசிக் காலத்தில்தான் காட்டுவார்கள்.

அவளும் கேட்டதில்லை.

அவளுக்குப் பின்வளவு இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் அங்கே ரிப்ஸ் என்ற சிவப்புப் பழப் பற்றைகளை நட்டு, குருவிகள் கொத்தாமல் பழைய மீன்வலையால் மூடினாள். தெற்குச் சுவரோடு ஸ்ட்ரோபெரி வைத்தாள். முதல் வருடம் ஜூன் மாதப் பனி பூக்களைக் கருக்கியது. மறு வருடமும். நாலாம் வருடம் ஒழுங்கையில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

படகுக்காரர் ஒத்வார் நின்ற நிலையிலேயே கிண்ணத்தைக் காலி செய்தார்.

“எங்கட ஊரில எங்களுக்கே இப்பிடிக் காய்க்காது,” என்றார்.

பாராட்டுத்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு சொல் மட்டும் காலில் முள்ளாகக் குத்தியது. எங்கட.

அந்தக் கோடையில்தான் முல்தே தேடத் தொடங்கினாள்.

“சேத்துக்குள்ள புதைஞ்சு போனீரெண்டால் ஆர் வந்து உம்மை இழுக்கிறது?” என்றார் கணவர். “கடையில விக்கினம்தானே.”

“போத்தலுக்க கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தித் தாங்கோ,” என்றாள்.

முதல் கோடையில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் கோடையில் ஒரு சதுப்பைக் கண்டாள். அங்கே ஏற்கெனவே யாருடையதோ காலடிகள். தொடாமல் திரும்பி வந்தாள்.

இந்த ஜூனில், இரண்டு ஏரிகளைத் தாண்டி, செங்குத்தான பாறைச் சரிவு ஒன்றில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். கீழே பொரி சிந்தியது போல் வெள்ளைப் பூக்கள். காலடி ஒன்றும் இல்லை.

கணவரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் வரும்வரை பொறுத்திருந்தாள்.

இன்று வாளி முக்கால்வாசி நிறைந்தபோது பின்னால் சுள்ளி முறிந்தது.

கலைமான் என்று நினைத்துத் திரும்பினாள்.

யோருன்.

மீன் ஆலையில் பத்தொன்பது வருடங்களாக ஒரே மேசையில், பக்கத்துப் பக்கத்தில் நின்று கத்தி பிடிப்பவள். ஐந்து வயது மூத்தவள். ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு சின்னப் போத்தல் முல்தே ஜாம் தருவாள். எங்கே பிடுங்கியது என்று சொன்னதே இல்லை.

யோருனின் வாளி வெறுமையாக இருந்தது. அவள் கண் மற்ற வாளியில் நின்றது. முகம் சிவந்தது.

யோருன் முகத்தில் மொய்த்த நுளம்புகளைக் கையால் விரட்டினாள்.

“ஆர் காட்டினது?”

“ஒருத்தரும் காட்டேல்லை. நானாத் தேடினன். மூண்டு வருசம்.”

யோருன் தலையை உயர்த்திப் பாறைச் சரிவைப் பார்த்தாள். பாசியில் இருந்த காலடிகள் அங்கேயிருந்துதான் வந்தன.

“இதாலயா இறங்கினனீர்?”

“ஓம்.”

“என்ர மனுசன் இதால இறங்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். நாங்கள் சுத்தித்தான் வாறனாங்கள்.”

அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

யோருன் தலையை ஆட்டினாள். முதலில் வந்தவருக்கே அன்றைய பழம். அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

“அம்மா காட்டின இடம் எனக்கு,” என்றாள், மரங்களைப் பார்த்து.

நாலடி போய்விட்டாள்.

“யோருன்.”

அவள் நின்றாள்.

“அந்தக் கரையில நான் இன்னும் கை வைக்கேல்லை. வாங்கோ.”

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. விருந்தாளிக்குக் கதவைத் திறந்து சொல்கிற வாங்கோ.

யோருன் அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

சேற்றில் இறங்குவதற்கு முன் இரண்டு சப்பாத்துகளையும் புல்லில் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் இருவரும் பழம் பிடுங்கினார்கள். குனிந்தார்கள், கிள்ளினார்கள், நிமிர்ந்தார்கள். இடுப்பு வலித்தபோது ஒரே மூடியில் தேத்தண்ணியை மாறி மாறிக் குடித்தார்கள். சீனி கூடிப்போச்சு என்றாள் யோருன். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

தெற்கே இருந்த சதுப்பிலிருந்து பெரிய தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு கார் வேகம் குறைத்து நின்றது. ஒத்வார் கண்ணாடியை இறக்கினார். இரண்டு வாளிகளும் விளிம்பு வரை நிறைந்திருப்பதைப் பார்த்தார்.

“எங்கை?”

யோருன் கிழக்கே கையைக் காட்டினாள்.

அதே கணத்தில் அவள் மேற்கே காட்டினாள்.

ஒத்வார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு கையும் இறங்கவில்லை.