நடைத்துணை

பிரகதீஷின் இதய அடைப்பை நீக்கிய பிறகு, மருத்துவமனை அவருக்கு மாத்திரைகளோடு ஒரு நடைத்துணையையும் எழுதிக் கொடுத்தது. யாருடன் நடந்தால் எந்த இதயம் வலுவாகும் என்பதை அங்கே கணினிதான் முடிவு செய்யும். அவருக்கு வந்த பெயர் ஷாலினி. அதே சிகிச்சை செய்துகொண்டவர், வயது அறுபத்திரண்டு.

முதல் மாத அறிக்கையைப் பார்த்ததும் மனைவி சுகன்யாவுக்கு வயிறு எரிந்தது. ஆறு நிமிடத்தில் அவளுடன் முந்நூற்றைம்பது மீட்டர் நடந்த மனிதர், ஷாலினியுடன் நானூற்றெண்பது மீட்டர் நடந்திருந்தார்.

"என்கூட வந்தா மட்டும் மூச்சு வாங்குதாக்கும்?"

"அவங்ககூட நடக்குறதையும் ஒரு மருந்துன்னு நெனச்சுக்க சுகன்யா."

மறுநாளிலிருந்து பூங்காவில் அவர்களுக்கு நூறடி பின்னால் சுகன்யாவும் நடந்தாள். ஷாலினியின் சிரிப்புச் சத்தம் கேட்டால் வேகத்தைக் கூட்டினாள். அவர்கள் திரும்பினால் மரத்தின் பின்னால் ஒதுங்கி நின்று மூச்சு வாங்கினாள். மழை நாளிலும் விடவில்லை.

மூன்று மாதம் கழித்து, நோயாளியின் குடும்பத்தாருக்கான பரிசோதனையில் அவளையும் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். நர்ஸ் திரையை இரண்டு முறை பார்த்தாள்.

"போன தடவ மாடிப்படியே ஏற முடியலன்னு சொன்னீங்களேம்மா! இப்ப உங்க இதயத்துக்குப் பத்து வயசு கொறஞ்சிருக்கு. யாருங்க உங்க நடைத்துணை?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஷாலினி ஏதோ சொல்ல, பிரகதீஷ் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளதான்" என்று கைகாட்டினாள் சுகன்யா.

நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, ஷாலினியின் பெயரையே சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"இன்னும் ஆறு மாசத்துக்கு இவங்கள விட்டுடாதீங்கம்மா."