தக்கை ஏறிய குதிரை

“ஏழாம் நம்பரை அடிச்சுடு. குதிரை சுமார். மேல உட்கார்ந்திருக்கறவன் அதைவிட சுமார்.”

தூரக்கண்ணாடி சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்தில் நின்ற தையல்காரர் தன் கையிலிருந்த பந்தயத் தாளில் ஏழின் மேல் கோடு இழுத்துவிட்டார். வாரக்கடைசிக் குதிரைப் பந்தயங்களுக்குப் பத்திரிகையில் கணிப்பு எழுதுகிறவர் தூரக்கண்ணாடி. கழுத்தில் எந்நேரமும் அது தொங்கியதால் வந்த பெயர். சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் ஒரு கும்பல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

“ரெண்டைப் பாரு. முன்னங்கால் வச்ச இடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுது. அதான் நடை. மூணுக்கு ஓடறதுக்கு முன்னாடியே தொடையிடுக்குல நுரை தள்ளிடுச்சு, பயந்தாங்கொள்ளி. ஏழு இருக்கே, காதைப் பின்னால மடக்கிக்கிட்டு யாரைக் கடிக்கலாம்னு பார்க்குது.”

“மேல நம்ம தக்கையாச்சேண்ணே,” என்றார் தையல்காரர். காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருக்கும் அந்த ஜாக்கிக்குக் கூட்டம் வைத்த பெயர் அது.

“அவன் இருக்கறதாலதான் சொல்றேன். எடை குறைக்கணும்னு நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. அந்தத் தெம்புல இந்த முரட்டுக் குதிரையை எங்க அடக்கறது?”

“அதெல்லாம் எப்படிண்ணே தெரிஞ்சுக்கறீங்க?”

“தொழில்யா, தொழில்.”

“போன வாரம் எழுதியிருந்தீங்க பாருங்க,” என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். “தக்கையை ஏத்தறதுக்கு ஒரு சாக்கு மூட்டையை ஏத்தலாம், மூட்டையாவது கீழ விழாதுன்னு! சிரிச்சுச் சிரிச்சு வயிறே புண்ணாயிடுச்சு.”

கும்பல் மறுபடியும் சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஏழாம் நம்பர் அவர்களைக் கடந்துபோனது. தக்கை ஒரு தடவை திரும்பி, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தூரக்கண்ணாடிக்குக் காது மடல் சுட்டது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களுக்கும் அவனுக்கும் ஏதாவது வாய்க்கா வரப்புத் தகராறாண்ணே?”

“உன் வேலையைப் பாருய்யா.”

தக்கை முதன்முதலாகக் குதிரையேறிய அன்று அவனை ஆகா ஓகோ என்று எழுதியவரும் இதே மனிதர்தான். பையன் கடைசியாக வந்து சேர்ந்தான். “உமக்கு வேண்டியவனோ?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, அத்தனை பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள். மானம் கப்பலேறிய அந்த நிமிஷத்தில், “யாருய்யா அவன்? எனக்குத் தெரியவே தெரியாது” என்று சொல்லிவிட்டார். சொன்னதை அப்புறம் விழுங்க முடியவில்லை. அதைக் காப்பாற்ற வாரா வாரம் அவனைப் போட்டு வறுத்தெடுக்க வேண்டியிருந்தது.

தையல்காரர் அவர் காதைக் கடித்தார். குரலில் பெருமை வழிந்தது. “அந்த நல்ல சாம்பல் குதிரையைத் தக்கைகிட்டேருந்து பிடுங்கிட்டாங்களாம்ணே. நீங்க எழுதினதைப் பார்த்துத்தானாம். இப்ப வேற எவனும் ஏற மாட்டேங்கற குதிரைதான் அவனுக்கு. உங்க பேனாவுக்கு அவ்வளவு பவர்!”

பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவருக்கு. அடுத்த வாரம் கட்டாயம் அவனைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். போன வாரமும் இப்படித்தான் நினைத்தார். பிறகு சாக்கு மூட்டை நினைவுக்கு வந்தது, கை சும்மா இருக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. இரண்டு முன்னால் பாய்ந்தது, மூன்று மூச்சிரைத்துப் பின்தங்கியது, எல்லாம் அவர் சொன்னபடியே. தக்கை மட்டும் அவர் சொன்னபடி ஓட்டவில்லை. அந்த முரட்டுக் குதிரையைத் தட்டிக்கொடுத்து, இழுத்துப் பிடித்து, மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்திருந்தான். அவர் தன்னையறியாமல், “அப்படித்தான், அப்படித்தான்” என்று முணுமுணுத்தார்.

கடைசித் திருப்பத்தில் ஏழு திடீரென்று வேலிப் பக்கம் ஒதுங்கித் தலையை உதறியது. மேலே இருந்தவன் தூக்கி எறியப்பட்டு வேலிக் கம்பத்தில் மோதி விழுந்தான்.

“சொன்னீங்கல்லண்ணே!” தையல்காரர் துள்ளிக் குதித்தார். “உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்!”

அது காதில் விழும்போது தூரக்கண்ணாடி வேலியைத் தாண்டியிருந்தார். கண்ணாடி நெஞ்சில் மோத மோத ஓடினார். தனக்கு ஓடத் தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆம்புலன்ஸுக்குள் தக்கையை ஏற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். நினைவு இருந்தது. ஒரு கால் மட்டும் பார்க்கச் சகிக்காதபடி திரும்பிக் கிடந்தது.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க,” என்றார் டாக்டர். “பையனோட வீட்டு ஆளுங்க யாராவது இருக்கீங்களா? உடனே ஆபரேஷன் பண்ணணும். கூட ஒருத்தர் வரணும்.”

தூரக்கண்ணாடி திரும்பிப் பார்த்தார். தையல்காரரும் வேலியோரக் கும்பலும் மூச்சு வாங்க வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வண்டிக்குள் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது.

“நான் வர்றேன் டாக்டர்.” அவர் வண்டிப் படியில் காலை வைத்தார். “நான் அவனோட அப்பா.”

தையல்காரர் வாயைப் பிளந்தார். டாக்டர் தூரக்கண்ணாடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே குனிந்தார்.

“ஏன் தம்பி, இவர் உங்கப்பாவா?”

தக்கை கண்ணைத் திறந்து அவரை நிதானமாகப் பார்த்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“எங்கப்பா இங்க ஒருநாளும் வந்ததில்ல, டாக்டர்.”