நாலாம் நம்பர் டோக்கன்

"நான்னா, நீங்க உள்ள இருக்கீங்கன்னு புலிக்கு எப்படித் தெரியும்?" என்று ஸ்ரீஜா ஒருமுறை தன் அப்பாவிடம் கேட்டாள்.

"புலிக்குத் தெரியாதும்மா. கதவு திறக்கற இளங்கோ மாமாவுக்குத் தெரியும்" என்றார் ஜகதீசன். புலியின் அடைப்பைக் கழுவ உள்ளே போகிறவர், தன் பித்தளை டோக்கனை வெளிப்பலகையில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். புலியின் கதவைத் தூக்கும் லீவர் இருக்கும் இடத்திலிருந்து உள்ளே தெரியாது. டோக்கன் தொங்கினால் யாரும் லீவரைத் தொடக்கூடாது.

அந்த மாமாவைத்தான் இப்போது ஸ்ரீஜாவின் அம்மா அன்னக்கிளி செருப்பால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கைக்குடா, ஏன்டா பாக்கல? கண்ணு அவிஞ்சு போச்சா? எம்புருசனைக் கொன்னுட்டியேடா!"

இளங்கோவனின் உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

"போன வருசம் நீ டோக்கனை மேசைலயே விட்டுட்டு உள்ள போயிட்டே. லீவர்ல கை வெச்ச மனுசன், உன்னைக் காணோமேன்னு தேடிப் பாத்து, அவரே அதை எடுத்து மாட்டினாரு. ஆபீசுல மூச்சு விட்டாரா? அவரையாடா புலிக்குக் குடுத்தே?"

மறுபடி அடித்தாள். இரண்டு பெண் போலீசார் அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

போலாரம் தாண்டியிருந்த அந்தத் தனியார் விலங்குப் பூங்காவில், காலையில் நடந்தது இரண்டே நிமிடம்தான். இளங்கோவன் லீவரை இழுத்தான். கதவு உயரும் ஓசை கேட்டு ஜகதீசன் திரும்புவதற்குள் புலி அவர் கழுத்தைக் கவ்விவிட்டது.

அலறல் கேட்டு இளங்கோவன் இரும்புக் கம்பியோடு உள்ளே பாய்ந்தான். புலியின் மூக்கிலேயே அடித்து அடித்து அவரை மீட்டான். வெளியே இழுத்துப் போட்டபோது கழுத்தில் ஒரு பக்கமே இல்லை.

அப்போது அவர்கள் இருவரைத் தவிர அங்கே யாருமில்லை. கேமராவும் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை.

மேனேஜர் நந்தகுமார் ஒரு காகிதத்தை இன்ஸ்பெக்டர் ஜெயராமிடம் நீட்டினார். "டோக்கன் மாட்டாம உள்ள போனா தப்பு அவங்களோடதுன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். நஷ்டஈடு கிடையாது, குடும்பத்துக்கு வேலையும் கிடையாது."

"மாட்டலைன்னு யாரு சொன்னது?"

இன்ஸ்பெக்டர் பலகையைக் காட்டினார். நாலாம் நம்பர் ஆணியில் ஜகதீசனின் டோக்கன் தொங்கியது. அதில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கூண்டு அங்க இருக்கு. இருபதடி தள்ளி இதுல எப்படிய்யா ரத்தம்?"

"அவரை இழுத்துப் போட்ட கையோட வந்து தொட்டேன் சார்" என்றான் இளங்கோவன்.

"அப்ப டோக்கன் இருந்திருக்கு. பாக்காமலே திறந்துட்டே. ஹவ்வா, ஆமாவா இல்லையா?"

"ஹவ் சார்."

"ஜெயிலுக்குப் போவே, தெரியும்ல?"

"ஹவ் சார்."

நந்தகுமார் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்னக்கிளி இளங்கோவனின் முகத்தில் காறித் துப்பினாள். அதைத் துடைக்காமலே அவன் ஜீப்பில் ஏறினான்.

பூங்கா நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை. நஷ்டஈட்டோடு, டிக்கெட் கவுண்டரில் அன்னக்கிளிக்கு ஒரு வேலையும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜாமீனில் வந்த அன்று, உச்சி வெயிலில் இளங்கோவன் மயானத்துக்குப் போனான். மேலே இருக்கிறவரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. புது மண்மேட்டின் முன் மண்டியிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணே, உங்க சட்டைப்பைல இருந்ததை எடுத்து நான் மாட்டிட்டேன்."