பூப்போட்ட நைட்டி

மத்தியானத் தூக்கம் கலைந்தும் கலையாமலும் சோபாவில் கிடந்தாள் மகள். பாதி திறந்த கண்ணுக்கு, ஜன்னலோர வெயிலில் பழக்கமான பூப்போட்ட நைட்டி தெரிந்தது. மடியில் பஞ்சுப் பொதி மாதிரி அவர்கள் வீட்டு நாய்.

சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற ஜென்மம் அது. கொஞ்ச காலமாக யாரையும் தொடவே விட்டதில்லை. இன்றைக்கு என்னவோ சொக்கிப்போய்க் கிடந்தது.

"நடுங்காதடி தங்கம், வலிக்காம சிக்கெடுக்கறேன்" என்று ஒரு முணுமுணுப்பு.

நீள முடியில் சீப்பு இறங்கும் சத்தம் மகளுக்குத் தாலாட்டாக இருந்தது. பள்ளிக்கூடம் போன வயசுக்கே போய்விட்டாள். எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்து, அந்த முழங்காலில் தலையைச் சாய்த்தாள்.

"எனக்கும் சீவி விடும்மா."

சீப்பு நின்றுவிட்டது.

"என்ன கண்ணு, கனவா?"

கரகரத்த குரல். நிமிர்ந்து பார்த்தாள். நைட்டிக்கு மேலே அப்பாவின் நரைத்த மீசை!

"அம்மா வாசனை இருந்தாத்தான் இது அடங்கி உக்காருது. அவ கண்ணை மூடினப்புறம் இந்த நைட்டியை நான் துவைக்கவே இல்ல" என்று அசடு வழிந்தபடி அப்பா எழப் பார்த்தார்.

மகள் விடவில்லை. நைட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பரவால்லப்பா, சீவுங்க."