காலு இருக்கா?

சா. பக்கத்தில் வு.

அய்யாக்கண்ணு விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். விரலில் இருந்த சேறு எழுத்தின் மேல் ஒட்டியிருந்தது. போனை வேட்டியில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

எழுத்து மாறவில்லை.

‘அப்பா இன்னைக்கு இங்கே சாவு. நானும் போறேன். அம்மாகிட்ட சொல்ல வேணாம், பயப்படும்.’

அனுப்பியவள் மகள் கலைமணி. அயர்லாந்தில் கார்க் என்கிற ஊரில், வயதானவர்கள் இல்லத்தில் நர்ஸ். அப்பா அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவர், தமிழ் மட்டும்தான் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் போனிடம் வாயால் சொல்லுவாள். போன் அதைத் தமிழில் எழுதி அனுப்பும்.

அவளைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

இன்னொரு தடவை கூப்பிட்டார்.

எடுக்கவில்லை.

சாவு யாருக்கு? ‘நானும் போறேன்’ என்றால் எங்கே?

அரியலூர் ஆஸ்பத்திரி என்றால் இந்தச் சேற்றுக் காலோடு திருமானூருக்கு ஓடிப் பஸ் ஏறிவிடலாம். அந்த ஊருக்கு எந்தப் பஸ்ஸில் ஏறுவது? ஏறிப் போனாலும் யாரிடம் என்னவென்று கேட்பது?

நாற்று முடியைத் தூக்கி வயலுக்குள் வீசப் போனவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சுள்ளென்று வெயில் அடித்தது. அவருக்குப் பல் கிட்டியது.

நடவு வரிசையின் ஓரத்திலிருந்து ஆண்டாயி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னாங்க, குந்திட்டீங்க?”

“ஒண்ணுமில்ல. நீ நடு.”

அந்த ‘ஒண்ணுமில்ல’யைக் கேட்டதும் அவள் வரப்பேறி வந்துவிட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. போனைப் பிடுங்கி, கூட நடவு நட்டுக்கொண்டிருந்து பின்னாலேயே வந்த செல்வம்மாளிடம் கொடுத்தாள்.

செல்வம்மாள் எட்டாவது படித்தவள். கணீரென்று ஆரம்பித்தாள். பாதியில் குரல் உள்ளே போய்விட்டது. ‘அம்மாகிட்ட சொல்ல வேணாம்’ என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்து முடித்தாள்.

“ஐயோ, எம்புள்ள!” ஆண்டாயி வயிற்றில் அடித்துக்கொண்டாள். “கழுத்துல ஒரு தாலி ஏறிப் பாக்கலியே நான்!”

நடவு நின்றது. சேற்றில் நின்றபடியே ஒருத்தி மூக்கைச் சிந்தத் தொடங்கினாள்.

அப்போதுதான் போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. அய்யாக்கண்ணு போனை வாங்கி அழுத்தினார்.

சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு முகம் வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. வாயோரம் ரத்தம் வழிந்து தாடை வரைக்கும் இறங்கியிருந்தது.

அந்த வாய், “அப்பா” என்றது.

ஆண்டாயி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். செல்வம்மாள் பின்வாங்கிய வேகத்தில், நட்டு முடித்த நாற்றை மிதித்துக்கொண்டு சேற்றில் நின்றாள்.

“சாவு இல்லப்பா, சாவின்! சாவின்! போன் தப்பா எழுதிருச்சு. அது இவங்க பண்டிக பேரு. இன்னிக்குச் செத்தவங்கல்லாம் வூட்டுக்குத் திரும்பி வருவாங்களாம். அவங்களுக்கு நம்மள அடையாளம் தெரியக்கூடாதுன்னு நாமளும் பேய் வேசம் போட்டுக்கணும். நானும் போடுறேன்னேன், அதப் போறேன்னு எழுதிருச்சு. இங்க கெழடுங்க பூரா போட்டிருக்கு, பாருங்க.”

படம் திரும்பியது. சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். தலையில் காகிதக் கொம்பு. மடியில் கண்ணும் மூக்கும் குடைந்த ஒரு பெரிய கிழங்கு, அதற்குள் விளக்கு. பொக்கை வாயால் சிரித்துக் கையாட்டினார்.

அய்யாக்கண்ணுக்குப் பாதி உயிர் திரும்பியது.

“நாம எலை போட்டு வா வான்னு கூப்புடுறோம். அங்க ஒளிஞ்சிக்கிறாங்களா?”

செல்வம்மாள் தைரியமாகிக் கிட்டே வந்தாள். “நம்ம சினிமாப் பேயே தேவல அண்ணே. வெள்ளச் சீலை, மல்லிப்பூ, பாட்டு ஒண்ணு. இப்ப வர்ற பேயி காமெடியும் பண்ணுது. இது என்னா, சீக்குல கெடந்து எந்திரிச்ச பேயாட்டம்!”

வயல் முழுக்கச் சிரித்தது. மூக்கைச் சிந்தியவளும் சிரித்தாள்.

ஆண்டாயி சிரிக்கவில்லை. முந்தானையை எடுக்கவும் இல்லை.

“பேயி எந்தக் கொரல்லயும் பேசும். காலக் காட்டச் சொல்லுங்க. பேய்க்குக் காலு இருக்காது.”

“யம்மா!” போனுக்குள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இரு, காட்டுறேன். நல்லாப் பாத்துக்க.”

குனிந்தாள். ஷூவைக் கழற்றினாள். சிரிப்பு அடங்காமலேயே சாக்ஸை உருவிப் போட்டுவிட்டு, போனைக் காலுக்கு நேராகப் பிடித்தாள்.

கால் இருந்தது. அவருடையதைப் போலவே அகலப் பாதம். குளிரில் வெளுத்திருந்தது.

இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி.

அந்தப் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. பாதம் ஆடாமல் அப்படியே இருந்தது. பிறகு விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின.

“எங்கண்ணே, நானும் பாக்குறேன்” என்று செல்வம்மாள் எட்டி வந்தாள்.

அய்யாக்கண்ணு போனைத் திருப்பி, ஈர நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“காலு இருக்கா?” என்றாள் ஆண்டாயி, முந்தானைக்குள்ளிருந்து.

“இருக்கு.”

குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. ஆண்டாயி மறுபடியும் கேட்டாள்.