கரைக்கு வந்த படகு

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த மாதங்களில் கள்ளக்குறிச்சிக்குப் போய் பெட்ரோல் வாங்கி வருவது பெரும்பாடாக இருந்தது. கோமுகி அணையில் மீன் பிடிக்கும் வேடியப்பன், பழைய பெட்ரோல் மோட்டாரைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் படகில் பேட்டரி மோட்டார் பொருத்தினான். அது சத்தமே போடாது.

"பூனையாட்டம் வந்து நிக்கிறியே. முன்ன சத்தம் கேட்டுத்தான் சோறு வடிப்பேன்" என்றாள் மனைவி பாரதி.

"இப்ப இன்னா, ஆறின சோறுதான? போடு."

அவன் பாதி சாப்பிட்டிருந்தபோது அணைப்பக்கம் பெட்ரோல் மோட்டார் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் வேறு மோட்டார் படகு கிடையாது. சத்தம் அவர்களுடைய கரைக்கு வந்து நின்றது.

"பாரதி, கயிறப் புடி" என்று ஒரு குரல் கூப்பிட்டது. அது வேடியப்பனின் குரல்.

அவள் எழுந்தாள்.

"நீ போவாத. நான் பாத்துட்டு வரேன்" என்றான் வேடியப்பன். கையைக் கழுவாமலே கரைக்கு இறங்கிப் போனான். புதர் மறைத்ததால் வாசலில் நின்ற அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் திரும்பி வந்தான். சட்டையில் பெட்ரோல் வாடை அடித்தது.

"யாருய்யா அது?"

அவன் உட்கார்ந்து, பாதிச் சோறு இருந்த தட்டைப் பார்த்தான்.

"இதுல யாரு துன்னது?" என்று கேட்டான்.